டெல்லி மழைக்கு மேகம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்விகள்

குளிர்காலத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்து குவிந்த கடிதங்களில் பாதி, வடக்கே பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் எழுதியவை. நான் ராமநாதபுரத்துக்காரன். ஆனால் ஸ்ரீநகர், பாட்டியாலா, டெல்லி என்று 31 வருடம் வானிலை பலூன் விட்டவன். அதனால் இந்த முறை எல்லாப் பதில்களும் அந்தப் பக்கத்து வானத்தைப் பற்றித்தான்.

என் மகள் குருகிராமில் இருக்கிறாள். ஜனவரியில் திடீரென்று மழை, இரண்டு நாளில் எலும்பை உறைய வைக்கும் குளிர் என்கிறாள். செய்தியில் ‘மேற்கத்திய இடையூறு’ என்கிறார்கள். எதற்கு இடையூறு, ஐயா?
– ஒரு வாசகி, சேலம்

பெயரைக் கேட்டால் ஏதோ தொந்தரவு போலத் தோன்றும், அம்மா. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதே இல்லை. வட இந்தியாவின் கோதுமைக்கும் இமயமலை வெண்பனிக்கும் சோறு போடுவது அதுதான். ஆங்கிலத்தில் ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’. எங்கள் ஆட்கள் சுருக்கமாக ‘டபிள்யூ.டி.’ என்பார்கள்.

முதலில் மேலே பாருங்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவின் தலைக்கு மேல் சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் ஜெட் காற்றோட்டம். டெல்லி வானிலை அறிக்கையில் ‘12.6 கிலோமீட்டர் உயரத்தில் 130 நாட் வேகம்’ என்று அடிக்கடி வரும். மணிக்கு 240 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிதாக வரும் சூப்பர் புயலின் வேகம் அது. கீழே தெருவில் ஒரு இலைகூட அசையாது, மேலே இத்தனை வேகம்.

இந்தக் காற்று நேர்கோட்டில் ஓடினால் கீழே மழை வராது. ஆனால் அது வளைந்து வளைந்து ஓடுகிறது. தெற்கே தொங்கும் ஒவ்வொரு வளைவும் ஒரு பள்ளம். பெரும்பாலும் மத்தியதரைக்கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக நகர்ந்து வரும் அந்தப் பள்ளம்தான் மேற்கத்திய இடையூறு. சீராக ஓடும் மேற்குக் காற்றில் ஏற்படும் கலக்கம் என்பதால் அந்தப் பெயர். குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வரும். எல்லாம் மழை தருவதில்லை.

பள்ளத்தின் கிழக்கு ஓரத்தில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே மேல்மட்டக் காற்று விரிந்து விலகுகிறது. விலகிய இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று மேலேறுகிறது. ஏறும் காற்று குளிர்கிறது, ஈரம் மேகமாகிறது. எதிரே இமயமலை சுவர் போல நிற்பதால் இன்னும் உயரத் தள்ளப்படுகிறது. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் அது வெண்பனியாகக் கொட்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் அதன் தூண்டுதலில் ராஜஸ்தான், பஞ்சாப் பக்கம் தரைமட்டத்துக்கு அருகே ஒரு சின்னச் சுழற்சி பிறக்கும். அது அரபிக்கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் மகள் குருகிராமில் குடை பிடிப்பது பெரும்பாலும் இந்தக் குட்டிச் சுழற்சியின் புண்ணியத்தில். 2024 டிசம்பர் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 41.2 மில்லிமீட்டர் பெய்தது. டிசம்பரில் ஒரே நாளில் அவ்வளவு மழை 101 வருடத்தில் பெய்ததில்லை. அதைக் கொண்டு வந்ததும் இப்படி ஒரு பள்ளம்தான்.

அப்புறம் குளிர். பள்ளம் வருவதற்கு முந்தைய இரவுகள் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், மேகம் போர்வை போல மூடியிருப்பதால். பள்ளம் கிழக்கே நகர்ந்ததும் வானம் துடைத்துவிட்டது போல ஆகும், வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கும். தரையில் மழை ஈரம், மேலே மேகமில்லாத வானம், காற்றும் அடங்கிவிட்டால் விடியற்காலையில் கண்ணை மறைக்கும் மூடுபனி. மழை நின்ற மூன்றாம் நாள் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். மழை பெய்யும் நாளைவிட அந்தக் காலைதான் மோசம்.

ஜெட் காற்று மணிக்கு 240 கி.மீ. ஓடினால் மத்தியதரைக்கடலில் கிளம்பும் மேகம் ஒரே நாளில் டெல்லிக்கு வந்துவிட வேண்டுமே? ஏன் நாலைந்து நாள் ஆகிறது?
– பதினோராம் வகுப்பு மாணவன், திருச்சி

தம்பி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. நீ திருச்சிக்காரன், காவிரிப் பாலத்துக்குப் போய்ப் பார். தூணில் மோதும் இடத்தில் தண்ணீர் ஒரு மேடாக எழும்பி நிற்கும். அந்த மேடு இருந்த இடத்திலேயே இருக்கும், தண்ணீர் அதற்குள் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். மேடு வேறு, தண்ணீர் வேறு.

ஜெட்டும் பள்ளமும் அப்படித்தான். தூண் இல்லாததால் பள்ளமும் நகர்கிறது, ஆனால் காற்றைவிட மெதுவாக. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் போல வைத்துக்கொள். மத்தியதரைக்கடலில் இருக்கும் சைப்ரஸ் தீவிலிருந்து ஸ்ரீநகர் ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார், நாலு நாள் சொச்சம் வரும். ஜெட் காற்று பின்னாலிருந்து பள்ளத்துக்குள் நுழைந்து, முன்னால் வெளியேறிப் போய்க்கொண்டே இருக்கிறது. கிளம்பிய இடத்து மேகமும் அப்படியே வந்து சேர்வதில்லை. வழியில் கரைந்து, வேறு ஈரத்தில் புதிதாக உருவாகிக்கொண்டே வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பள்ளத்தை ஜெட் சுமந்து வருகிறது என்று மட்டும் எழுதிவைத்துக்கொள்ளாதே. பள்ளத்துக்குத் தீனி போடுவதும் ஜெட்தான். வடக்கே குளிர்ந்த காற்று, தெற்கே வெதுவெதுப்பான காற்று, இரண்டும் நெருங்கி நிற்கும் எல்லைக்கு மேலேதான் ஜெட் ஓடுகிறது. அந்த வெப்ப வித்தியாசத்தில் இருக்கும் சக்தியைத் தின்றுதான் பள்ளம் வளர்கிறது. குளிர்காலத்தில் வித்தியாசம் அதிகம், அதனால் ஜெட்டும் பலமாகி, தெற்கே இறங்கி, இமயத்தின் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. ஜூன் முதல் வாரவாக்கில் அது இமயத்தைத் தாண்டி வடக்கே போகும்போது கேரளாவில் பருவமழை தொடங்குகிற நேரமும் ஏறக்குறைய சேர்ந்தே வரும்.

12 கிலோமீட்டர் உயரத்துக் காற்றை எப்படி அளப்பீர்கள்? அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

கேட்டதற்கு நன்றி அம்மா. இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை.

உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பலூன் விடுவார்கள். நம் நேரப்படி காலை ஐந்தரை, மாலை ஐந்தரைக் கணக்குக்கு. காலைப் பலூன் என்றால் நாங்கள் நாலு மணிக்கே எழுந்துவிட வேண்டும். ஸ்ரீநகரில் ஜனவரி நாலு மணி என்றால் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி போல ஐஸ் கட்டியிருக்கும். ரப்பர் பலூன் குளிரில் விறைத்திருந்தால் சீக்கிரம் வெடித்துவிடும் என்று முன்கூட்டியே கதகதப்பான இடத்தில் எடுத்து வைப்போம். ஹைட்ரஜன் நிரப்பும் அறைக்குள் தீப்பெட்டி, காங்க்ரி எதுவும் கூடாது. காங்க்ரி என்பது காஷ்மீரிகள் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கரிச்சட்டி. அதை வெளியே வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே நிரப்புவோம். ஆள் உயரத்துக்குப் பலூன் உப்பியதும் கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டி, சின்னப் பாராசூட்டையும் கருவிப் பெட்டியையும் தொங்கவிட்டு, கையை விடுவோம்.

நிமிடத்துக்கு 300 மீட்டர் வீதம் ஏறும். தரையிலிருக்கும் ஆன்டெனா கருவிப் பெட்டியின் சிக்னலைப் பிடித்து அதன் பின்னாலேயே திரும்பும். பலூனைக் காற்று அடித்துச் செல்லும் வேகம்தான் அந்த உயரத்துக் காற்றின் வேகம். முதல் பத்து நிமிடம் ஆன்டெனா கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும். அரை மணி தாண்டியதும் அது கிழக்கே சாயத் தொடங்கும். ஜெட்டுக்குள் பலூன் நுழைந்துவிட்டது என்று திரையைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். ஆன்டெனா குனிந்துகொண்டே போகும். நாற்பது டிகிரி, முப்பது, இருபது… பலூன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அடிவானத்தை நோக்கிப் போகிறது. பலமான ஜெட் நாளில் பத்து, பன்னிரண்டு டிகிரி வரைக்கும் இறங்கிப் பார்த்திருக்கிறேன். அதற்கும் கீழே போனால் கணக்கு தப்பாகிவிடும் என்று பயம். ஜெட் ஓடும் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. காற்று மெலியமெலியப் பலூன் ஊதிப் பெருத்து, முப்பது கிலோமீட்டர் வாக்கில் ஒரு சின்ன அறை அளவுக்கு வந்து வெடிக்கும். கருவி பாராசூட்டில் எங்கேயோ கிழக்கே இறங்கும்.

இப்போது செயற்கைக்கோள் இருக்கிறது, விமானங்களே காற்றை அளந்து அனுப்புகின்றன. ஆனாலும் தினம் இரண்டு முறை பலூன் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வேலை நிற்கக் கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து.

ஜெட் காற்றை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பலர் சேர்த்துக் கட்டிய கதை இது. 1920-களில் ஜப்பானில் தாதேனோ ஆய்வகத்தின் தலைவர் வாசபுரோ ஓயிஷி, பலூன்களைத் தொலைநோக்கிக் கருவியால் தொடர்ந்து பார்த்து, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அசுரவேகக் காற்று இருப்பதைக் குறித்துவைத்தார். 1926-ல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகத்துக்கே பொதுமொழி ஆகும் என்று அவர் நம்பிய மொழி அது. வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் குண்டுபோட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அதே காற்றில் சிக்கி இலக்கைத் தவறவிட்டன. அதே மாதம் தொடங்கி ஜப்பான் ராணுவம் அந்தக் காற்றிலேயே சுமார் 9,300 குண்டு பலூன்களைப் பசிபிக் கடல் தாண்டி அனுப்பியது. 1945 மே மாதம் ஓரிகன் மாநிலத்தில் உல்லாசப் பயணம் போன ஐந்து பிள்ளைகளும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அப்படி ஒரு குண்டில் இறந்தார்கள். நான் கையால் ஆயிரக்கணக்கில் விட்ட அதே மாதிரிப் பலூன் இதற்கும் பயன்பட்டது என்று படித்தபோது எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்துப் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே இதற்கு நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் ஓடுகிறது. 1950-களில் அதைக் கண்டு சொன்னவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். பிறகு அந்தத் துறைக்கே தலைவராக இருந்தவர். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் வர வேண்டும்.

2024 ஜனவரியில் குடும்பத்தோடு குல்மார்க் போனோம். வெண்பனியே இல்லை. காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஏன் அப்படி?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் உங்களைவிட அந்த ஊர்க்காரர்களை நினைத்துத்தான் நான் அந்த மாதம் முழுக்கக் கலங்கிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 21-ல் தொடங்கி நாற்பது நாளைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்பார்கள். பெருங்குளிர். அடுத்து இருபது நாள் ‘சில்லை குர்த்’, அதற்கடுத்த பத்து நாள் ‘சில்லை பச்சா’, குளிரின் குழந்தை. இந்த நாற்பது நாளில் விழும் வெண்பனிக்குத்தான் மதிப்பு. குளிர் கடுமையாக இருப்பதால் அது உருகாமல் இறுகும், அதன் மேல் அடுத்தது விழும், அப்படி அடுக்கடுக்காகச் சேர்வதுதான் கோடையில் ஜீலம் ஆற்றுக்கும் ஊற்றுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் தண்ணீராக வரும். பிப்ரவரி, மார்ச்சில் அதே அளவு கொட்டினாலும் வெயில் ஏறிவிடுவதால் சீக்கிரம் ஓடிவிடும். ஸ்ரீநகரில் நான் குடியிருந்த வீட்டுக்காரப் பெரியவர் ஜனவரியில் வெண்பனி விழும் சத்தமில்லாத காலையில், உப்புப் போட்ட ‘நூன் சாய்’ தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, ‘இது இப்போது வங்கியில் விழுகிறது, மார்ச்சில் விழுவது பாக்கெட்டில் விழுகிறது’ என்பார். ஆப்பிள் மரத்துக்கும் அந்தக் குளிர் வேண்டும். பூ விடுவதற்கு முன் மரம் நீண்ட நாள் குளிரில் உறங்க வேண்டும்.

அந்த வருடம் என்ன ஆனது என்றால், ஜெட் காற்றுக்குக் குறைவே இல்லை. ஜனவரியில் வட இந்தியா மேல் மணிக்கு 250 முதல் 320 கிலோமீட்டர் வரை ஓடியது. ஆனால் ஆழமான பள்ளம் இல்லை. வந்த ஒன்றிரண்டும் பலவீனம். பள்ளம் இல்லாத பலமான ஜெட் என்ன செய்யும்? மேலேயுள்ள குளிர்காற்றைக் கீழே அமுக்கும். பஞ்சாபிலிருந்து பீகார் வரை நாள் கணக்கில் சூரியனே தெரியாத மூடுபனியும் நடுக்கமும், மலையிலோ காய்ந்த வானம். ஒரே காற்றின் இரண்டு முகம் அது. ஜெட் பலமாக இருந்தால் வெண்பனி நிறைய விழும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. வேகத்தோடு வளைவும் வேண்டும்.

ஜனவரி கடைசியில்தான் பள்ளங்கள் வரிசையாக வந்தன. குல்மார்க்கில் பிப்ரவரி தொடக்கத்தில் நடக்க வேண்டிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைத் தள்ளிவைத்து 21-ஆம் தேதி தொடங்கினார்கள். விளையாட்டுக்குப் பனி கிடைத்துவிட்டது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது போலச் செய்திகள் வந்தது எனக்கு வருத்தம். சில்லை கலானில் விழாதது விழாததுதான்.

நம் தமிழில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, மலையில் முழங்கால் அளவு விழுவதும் பனி. அதனால்தான் ‘காஷ்மீரில் பனி’ என்ற செய்தி எதைச் சொல்கிறது என்று நமக்குச் சட்டென்று விளங்குவதில்லை.

எவரெஸ்ட்டில் ஏன் எல்லோரும் மே மாதம் ஏறுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, ஊட்டி

உச்சி 8,849 மீட்டர். குளிர்காலத்தில் ஜெட் காற்று அந்த உச்சியையே உரசிக்கொண்டு ஓடும். சிகரத்திலிருந்து கிழக்கே கொடி பறப்பது போல மேகம் நீண்டிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், காரணம் அந்தக் காற்று. மே மாதத்தில் ஜெட் வடக்கே விலகும், பருவமழை இன்னும் வந்திருக்காது. அந்தச் சில நாள் இடைவெளிதான் வழி. 1953 மே 29-ல் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறியதும் அந்த இடைவெளியில்தான். குளிர்காலத்தில் முதன்முதலில் ஏறியவர்கள் போலந்துக்காரர்கள் இருவர், 1980 பிப்ரவரி 17-ல்.

டெல்லியிலிருந்து குவாஹாட்டி போகும் விமானம் சீக்கிரம் போகிறது, திரும்பும்போது நேரமாகிறது. விமானிகள் வேறு வழியில் வருகிறார்களா?
– ராணுவ வீரரின் மனைவி, வேலூர்

வழி ஏறக்குறைய ஒன்றுதான். போகும்போது ஜெட் முதுகில் தள்ளுகிறது, வரும்போது முகத்தில் அடிக்கிறது. குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜெட்டின் ஓரங்களில் மேகமே இல்லாமல் விமானம் குலுங்கும். பெல்ட்டைக் கழற்றாமல் உட்காருங்கள்.

நம் வடகிழக்குப் பருவமழைக்கும் இந்த மேற்கத்திய இடையூறுக்கும் தொடர்பு உண்டா?
– விவசாயி, நாகப்பட்டினம்

உண்டு. பெரும்பாலான நாள் அது வடக்கே அதன் பாட்டுக்குப் போய்விடும். ஆனால் ஒரு பள்ளம் மிக ஆழமாகத் தெற்கே தொங்கினால் வங்கக்கடலில் இருக்கும் புயலை அது தொடும். இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, மேல்மட்ட மேற்குக் காற்று புயலின் மேகத் தலையை வடகிழக்கே சீவித் தள்ளிவிடும். அடியில் சுழற்சி இருக்கும், மேலே மேகம் இருக்காது, புயல் வலுவிழந்துவிடும். இரண்டு, நம்மை நோக்கி வந்த புயல் வடக்கே, பிறகு வடகிழக்கே திரும்பிப் போகும். நாற்றங்கால் காய்ந்து வானத்தைப் பார்த்திருக்கும்போது ‘புயல் திசை மாறியது’ என்று செய்தி வந்தால், பல நேரம் காரணம் ஆயிரம் மைல் தள்ளி வடமேற்கில் இருக்கும். டிசம்பரில் புயல் செய்தி பார்க்கும்போது வடக்கே டபிள்யூ.டி. ஏதாவது வருகிறதா என்றும் பாருங்கள்.

பஞ்சாபில் மார்ச் மாத மழையால் கோதுமை நாசம் என்கிறார்கள். மழை நல்லதுதானே?
– வேளாண் கல்லூரி மாணவர், மதுரை

எப்போது என்பதுதான் கேள்வி. நவம்பரில் விதைத்த கோதுமைக்கு டிசம்பர், ஜனவரியில் மெதுவாகப் பெய்யும் மழை ஒரு தண்ணீர் பாய்ச்சலுக்குச் சமம். இந்திப் பகுதியில் அதற்கு ‘மஹாவட்’ என்று செல்லப் பெயரே உண்டு. பாட்டியாலாவில் மஹாவட் பெய்த காலையில் பால்காரர் முகத்திலேயே தெரியும். அதே டபிள்யூ.டி. மார்ச்சில் வந்தால் தரை சூடாகியிருக்கும், மேலே ஜெட்டின் குளிர், இடையில் இடிமேகம் எழும்பி ஆலங்கட்டி கொட்டும். கதிர் முற்றிக் கனத்து நிற்கும் நேரம் அது. 2015 பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே பல மாநிலங்களில் இப்படித்தான் கோதுமை தரையோடு படுத்தது. படுத்த பயிரை அறுவடை இயந்திரம் எடுக்காது, மணி கறுத்துவிடும். மழை அளவை மட்டும் வைத்து ‘நல்ல வருடம்’ என்று எழுதும் பழக்கத்தை உங்களைப் போன்ற பிள்ளைகளாவது மாற்றுங்கள்.

கருவி எதுவும் இல்லாமல், வானத்தைப் பார்த்தே டபிள்யூ.டி. வருவதைச் சொல்ல முடியுமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

முடியும், கண்ணு. அடுத்த முறை டெல்லி, சண்டிகர் பக்கம் குளிர்கால விடுமுறைக்குப் போனால் மேற்கு வானத்தைப் பார். முதலில் மிக உயரத்தில் சீப்பால் வாரிய பஞ்சு போல மெல்லிய கோடுகள் வரும். அவை கிழக்கே நகர்வது வெறும் கண்ணுக்கே தெரியும், மேலே அவ்வளவு வேகம். சில மணி நேரத்தில் அந்தக் கோடுகள் சேர்ந்து வானம் முழுக்கப் பால் கலந்த தண்ணீர் போல வெளுக்கும். அன்று ராத்திரி நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால், அது அந்த மேகத்திலிருக்கும் ஐஸ் துகள்கள் போட்ட வட்டம். கையை நன்றாக நீட்டி, விரல்களை அகல விரித்து, கட்டைவிரல் நுனியை நிலா மேல் வை. சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொடும். அன்று ராத்திரி முந்தின ராத்திரியைவிடக் குளிர் குறைவாகவும் இருந்தால், மொட்டைமாடியில் காயும் துணியை எடுத்து வைக்கும்படி வீட்டில் சொல்லிவிடு.